பன்சித் பிஹோன்: சேவை சாற்றைக் குடித்து வேக வேண்டும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். துபாயில் உங்களோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நண்பர்களின் பிறந்தநாள் விருந்தில் பன்சித் சாப்பிட்டிருக்கிறீர்கள். மெல்லிய வெள்ளைச் சேவை, கோழி, இறால், காய்கறி, மேலே சின்ன எலுமிச்சைத் துண்டுகள். வீட்டில் இருமுறை செய்துபார்த்தும் ஒருமுறை குழைந்து கட்டியாகிவிட்டது, இன்னொரு முறை உதிரியாக வந்தும் சப்பென்று இருந்தது. பன்றி இறைச்சி இல்லாமல் வேண்டும், அம்மா சைவம் என்பதால் அவருக்கும் ஒரு வழி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சாப்பிட்டது பன்சித் பிஹோன். எழுதியிருக்கும் செய்முறையைப் பார்த்தால் கோளாறு எங்கே என்பது தெளிவாகவே தெரிகிறது. சேவையைக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் தடவி வைத்து, பிறகு வாணலியில் பெருந்தீயில் சாஸ் ஊற்றிப் புரட்டியிருக்கிறீர்கள். நம் ஊர் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் நூடுல்ஸ் போடும் முறை அது. கோதுமை நூடுல்ஸுக்கு அது பொருந்தும். பன்சித் பிஹோனுக்குப் பொருந்தாது. இங்கே சேவையைத் தனியாக வேகவைப்பதே கிடையாது. பாதி ஊறிய சேவையைக் கொதிக்கும் கோழிச் சாற்றில் போட்டு, அந்தச் சாறு முழுவதையும் அது குடித்து முடிக்கும்வரை வேகவிடுவதுதான் முறை. தண்ணீரில் வெந்த சேவையின் வயிறு ஏற்கெனவே நிறைந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு சோயா சாஸ் ஊற்றினாலும் மேலே ஒட்டுமே தவிர உள்ளே போகாது. சப்பென்று இருந்ததற்குக் காரணம் இதுதான். குழைந்ததற்குக் காரணமும் இதே: முழுதாக வெந்ததை மறுபடி சாஸோடு சூடாக்கியிருக்கிறீர்கள்.

என் மனைவியின் ஊர் பத்தாங்காஸ் மாகாணம். மாமியார் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் பன்சித் இல்லாமல் இலை போட மாட்டார்கள். நீளமான சேவை நீண்ட ஆயுளைக் குறிக்கிறது என்பது சீனர்களிடமிருந்து அங்கே வந்து வேரூன்றிய நம்பிக்கை. அதனால் பிறந்தநாள் பன்சித்துக்குச் சேவையை உடைக்கவோ நறுக்கவோ கூடாது. பரிமாறும்போது கரண்டியில் நீளமாகத் தொங்கினால் தொங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். இந்த நம்பிக்கைக்குச் சமையல் ரீதியாகவும் ஒரு பயன் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த உணவின் வரலாற்றில் சிறிது தெரிந்தால் அதன் செய்முறை ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும். தென்சீனத்தின் ஃபுஜியன் பகுதியிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது சேவையும் சோயா சாஸும். ஸ்பானியர்கள் 1571இல் மணிலாவைத் தலைநகராக்கினார்கள். கிறிஸ்தவம் தழுவிய சீனர்களுக்காக 1594இல் பாசிக் ஆற்றின் மறுகரையில் பினோன்டோ குடியிருப்பு உருவானது. உலகின் மிகப் பழைய சைனா டவுன் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். பூண்டையும் வெங்காயத்தையும் எண்ணெயில் வதக்கிச் சமையலைத் தொடங்கும் வழக்கம் ஸ்பானியர் வழியாக வந்தது. 'பன்சித் கிசாடோ' என்னும் பெயரில் உள்ள 'கிசாடோ' அவர்கள் மொழிச் சொல். மீன் சாஸும், கலமன்சி என்னும் சிறு எலுமிச்சையின் புளிப்பும் அந்தத் தீவுகளின் உள்ளூர்ச் சுவைகள். ஆக, சீனச் சேவை, ஸ்பானிய வதக்கல், உள்ளூர் உப்பும் புளிப்பும் என மூன்றும் ஒரே சட்டியில் சேர்கின்றன. இதில் எதை விட்டாலும் கிடைப்பது வேறு ஏதோ ஒரு நூடுல்ஸ்தான். கறிவேப்பிலை, மஞ்சள் தூள், கரம் மசாலா, கொத்தமல்லித் தழை எதுவும் வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வதும் இதனால்தான். காரம் வேண்டுபவர்கள் மேசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி சேவைக்கு வருவோம். நீங்கள் துபாயில் இருப்பது வசதி. சத்வா, கராமா பக்கம் பிலிப்பைன்ஸ் மளிகைக் கடைகளில் 'பிஹோன்' என்றே எழுதிய பொட்டலம் கிடைக்கும். வாங்கும்போது பின்பக்கம் பொருள் பட்டியலைப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் பிஹோன் பலவற்றில் சோள மாவுதான் முதன்மை, சிலவற்றில் அரிசி மாவும் கலந்திருக்கும். தாய்லாந்து, வியட்நாம் பொட்டலங்கள் பெரும்பாலும் முழு அரிசி. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் 'மீஹூன்' என்று சொல்வது அந்த வகைதான். சோள மாவுச் சேவை வெந்தபின் கண்ணாடியாகத் தெரியும், கொஞ்சம் இழுபடும், அதிகம் புரட்டினாலும் தாங்கும். அரிசிச் சேவை மென்மையானது, சீக்கிரம் உடையும். முதல் சில தடவைகளுக்குச் சோள மாவு வகையே உங்களுக்கு நல்லது. நம் கடைகளில் கிடைக்கும் காய்ந்த அரிசிச் சேவையும் இடியாப்பப் பொட்டலமும் இதற்கு ஒத்துவராது. இழைகள் குட்டையாக இருக்கும், சாற்றில் போட்டால் உப்புமாவாகிவிடும்.

காய்ந்த சேவை தொழிற்சாலையிலேயே ஒருமுறை வெந்து பிறகு உலர்ந்தது. எனவே நாம் அதைப் பச்சை மாவிலிருந்து வேகவைக்கவில்லை. இழந்த நீரைத் திருப்பிக் கொடுத்து, சூடேற்றி, மென்மையாக்குகிறோம், அவ்வளவுதான். நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் வேண்டியதற்கு மேல் உறிஞ்சும், மேற்பரப்பில் உள்ள மாவுச்சத்து கரைந்து வெளியே வரும், ஆறியதும் அது பசையாகி இழைகளை ஒட்டவைக்கும். அளந்து ஊற்றிய சாற்றில் போட்டால், சாறு தீர்ந்ததும் உறிஞ்சுவதும் நின்றுவிடும். கரைந்த சிறிது மாவுச்சத்தும் சாற்றோடு சேர்ந்து இழைகளின் மேல் மெல்லிய பளபளப்பாகப் படியும். நல்ல பன்சித்தில் அந்தப் பளபளப்பு இருக்கும்.

ஊறவைக்க அறை வெப்பநிலைத் தண்ணீர் போதும். சோள மாவுச் சேவைக்கு 10 முதல் 15 நிமிடம், மெல்லிய அரிசிச் சேவைக்கு 8 முதல் 10 நிமிடம். ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றினால் உடையாமல் வளைய வேண்டும், கடித்தால் நடுவில் இன்னும் விறைப்பு இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் வடிகட்டியில் கொட்டி நீரை முழுக்க வடியவிடுங்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கோடைக்காலத்தில் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் கை சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். அதில் சேவையை ஊறவைத்துவிட்டு 15 நிமிடம் கழித்து வந்தால் பாதிக்கு மேல் வெந்தே இருக்கும். குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள், அல்லது கொஞ்சம் ஐஸ் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சேவை குழைந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

அடுத்தது சாறு. இந்தச் சமையலில் அதிக நேரமும் அக்கறையும் கேட்பது இதுதான், இதில் குறுக்குவழி தேடாதீர்கள். நான்கைந்து பேருக்கு 250 கிராம் சேவை என்று வைத்துக்கொள்வோம். எலும்போடு 400 கிராம் கோழித் தொடை எடுங்கள். நெஞ்சுக்கறி வேண்டாம், சாறு மெலிந்து வரும். ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், பாதி வெங்காயம், ஒரு பிரிஞ்சி இலை, பத்து மிளகு, ஒரு தேக்கரண்டி உப்பு. கொதி வந்ததும் மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்து 30 முதல் 35 நிமிடம் மெதுவாக வேகட்டும். குக்கரில் வைத்தால் நேரம் மிச்சம்தான், ஆனால் சாறு கலங்கிவிடும், இறைச்சியும் நார் நாராகப் பிரிந்துவிடும். வெந்த கோழியை எடுத்து ஆறவைத்து விரலால் பிய்த்துக்கொள்ளுங்கள். சாற்றை வடிகட்டுங்கள்.

இறால் சேர்ப்பதாக இருந்தால் தலையையும் ஓட்டையும் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். 150 கிராம் இறாலின் தலையும் ஓடும் ஒரு கரண்டி எண்ணெயில் சிவக்க வதங்கியதும் கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக நசுக்கி, மேலே ஒரு கப் கோழிச் சாறு ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சிவந்த, மணமான சாறு கிடைக்கும். அதை மீதிச் சாற்றோடு சேர்த்துவிடுங்கள். மாமியார் இதையே உரலில் இடித்துப் பிழிந்து செய்வார். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு மெல்லிய துணியில் பிழிந்தாலும் சரிதான். கடையில் வாங்கும் சாறுக் கட்டியும் அஜினமோட்டோவும் பிலிப்பைன்ஸ் வீடுகளில் தாராளமாகவே புழங்குகின்றன, அதில் தவறில்லை. ஆனால் இப்படிச் சாறு எடுத்துவிட்டால் அவற்றுக்கு வேலை இருக்காது.

பன்றி இறைச்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே வழக்கமாகக் கொழுப்போடு கூடிய வயிற்றுப்பகுதி இறைச்சியை மெல்லியதாக நறுக்கி முதலில் வதக்குவார்கள். அந்தக் கொழுப்பிலேயே பூண்டு வேகும். வசதிப்பட்டால் 'சொரீசோ டே மகாவ்' என்று அவர்கள் சொல்லும் இனிப்பான சீனத் தொத்திறைச்சியும் சேரும். இவை இல்லாமலே செய்ய முடியும், பிலிப்பைன்ஸின் தெற்கே உள்ள மிண்டனாவோ தீவின் முஸ்லிம் வீடுகளிலும் பன்றி இல்லாத பன்சித்தான். ஈடுகட்ட வேண்டியது கொழுப்பை மட்டும்தான். கோழித் தோலைச் சிறு துண்டுகளாக்கி, காய்ந்த சட்டியில் மெதுவாக உருக்கினால் கொழுப்பு வடியும். மொறுமொறுப்பான தோலை மேலே தூவிக்கொள்ளலாம், கொழுப்பில் பூண்டை வதக்கலாம். இரண்டு கோழி ஈரலையும் பொடியாக நறுக்கிச் சேர்த்தால் சாறு கனமாகும், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

காய்கறி விஷயத்தில் கெடுபிடி கிடையாது. கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் மூன்றும் இருந்தாலே போதும். பட்டாணி பிஞ்சுக் காய் கிடைத்தால் சேருங்கள், அங்கே 'சித்சாரோ' என்பார்கள். பீன்ஸை அங்கே பாகியோ பீன்ஸ் என்றே அழைப்பார்கள், மலைநகரான பாகியோவின் பக்கமிருந்து மணிலாவுக்கு வருவதால். எல்லாவற்றையும் மெல்லிய நீளத் துண்டுகளாக நறுக்கினால் சேவையோடு பின்னிக்கொள்ளும், சதுரத் துண்டுகள் தட்டின் அடியில் தங்கிவிடும். செலரித் தண்டும் இலையும் கொஞ்சம் கட்டாயம் வேண்டும், அந்த மணம்தான் பன்சித் வாசனையின் பாதி. குடைமிளகாய் வேண்டாம். அது மற்ற எல்லா மணத்தையும் தின்றுவிடும்.

சோயா சாஸ் வாங்கும்போது கவனம் தேவை. 'டார்க்' என்று விற்கும் கெட்டியான கறுப்புச் சாஸை மட்டும் ஊற்றினால் நிறம் மட்டும்தான் கிடைக்கும், கூடவே கருகிய இனிப்பு. பிலிப்பைன்ஸ் சோயா சாஸ் நீர்த்தது, நல்ல உப்பு. கிடைத்தால் அதையே வாங்குங்கள், சில்வர் ஸ்வான், டாட்டு புட்டி இரண்டும் எங்கும் கிடைக்கும். இல்லையென்றால் சாதாரண லைட் சோயா சாஸ். 250 கிராம் சேவைக்கு மூன்று மேசைக்கரண்டி. அதோடு 'பாத்திஸ்' என்னும் மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டி. பாட்டிலைத் திறந்தால் வாடை முகத்தில் அடிக்கும், சாற்றில் சேர்ந்ததும் அது அடங்கி ஆழமான சுவையாகிவிடும். மீன் சாஸைக் கடைசியில் சேர்க்காமல் கொதிக்கும் சாற்றில் சேர்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இனிச் சமையல். எவ்வளவு அகலமான சட்டி வீட்டில் இருக்கிறதோ அதை எடுங்கள். சேவை ஊறியபின் எவ்வளவு இடம் கேட்கும் என்பதைப் பலரும் குறைத்து எண்ணிவிடுகிறார்கள். சிறிய சட்டியில் புரட்ட முடியாமல் கிளறினால் இழைகள் நொறுங்கும்.

கோழிக் கொழுப்பு அல்லது எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. எட்டுப் பல் பூண்டைப் பொடியாக நறுக்கி மிதமான தீயில் பொன்னிறமாக வறுத்து, பாதியை மேலே தூவ எடுத்து வையுங்கள். பூண்டு முதலில், வெங்காயம் பிறகு என்பது பல பிலிப்பைன்ஸ் வீடுகளின் வரிசை. நாம் பெரும்பாலும் மாற்றிச் செய்வோம். பூண்டின் வாசனை எண்ணெயில் முதலில் இறங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம், அதனால் தீ மிதமாக இருக்கட்டும், கருகினால் கசக்கும். பெரிய வெங்காயம் ஒன்று, நீளவாக்கில் நறுக்கியது, கண்ணாடியாகும்வரை. அதன்பின் ஈரல், இறால். இறால் நிறம் மாறியதும் வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் ரப்பராகிவிடும். கேரட்டும் பீன்ஸும் இரண்டு நிமிடம், பிறகு முட்டைக்கோஸும் செலரியும் ஒரு நிமிடம். பாதி வெந்து மொறுமொறுப்பு இருக்கும்போதே அவற்றையும் ஒரு தட்டில் அள்ளி வைத்துவிடுங்கள். இந்த ஒரு படியைச் சோம்பலில் விட்டுவிடுபவர்கள் அதிகம். காய்கறி சட்டியிலேயே கிடந்தால் தன் தண்ணீரையெல்லாம் விட்டுவிடும். நீங்கள் அளந்து ஊற்றும் சாற்றின் கணக்கு தப்பிப்போகும், முட்டைக்கோஸும் துவண்டுவிடும்.

அதே சட்டியில், கழுவாமல், சாற்றை ஊற்றுங்கள். 250 கிராம் காய்ந்த சேவை ஊறியதற்கு இரண்டு கப், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்னும் முக்கால் கப் சாற்றைச் சூடாகப் பக்கத்தில் வைத்திருங்கள். சோயா சாஸ், மீன் சாஸ், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஒரு சொட்டு ருசி பாருங்கள். சாறு மட்டும் குடித்தால் உப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். சேவையில் உப்பே இல்லை, உறிஞ்சியதும் சமமாகிவிடும். இந்தக் கட்டத்தில் 'சரியாக இருக்கிறது' என்று தோன்றினால் முடிவில் சப்பென்று இருக்கும் என்று அர்த்தம்.

சாறு நன்றாகக் கொதிக்கும்போது வடிந்த சேவையைப் போடுங்கள். தீயை மிதமாக்குங்கள். கிளறும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முள்கரண்டியோ இடுக்கியோ எடுத்துக்கொள்ளுங்கள். இழைகளை அடியிலிருந்து தூக்கி, பிரித்து, மறுபடி விட வேண்டும். தூக்குவது, விடுவது, அவ்வளவே. சேவையை உடைக்காமல் வைத்திருந்தால் பயன் உண்டு என்று மேலே சொன்னது இங்கேதான்: நீள இழைகளைத் தூக்கிப் புரட்ட முடியும், துண்டுகளைக் கிளறத்தான் முடியும், கிளறினால் மசியும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் சட்டியின் அடியில் சாறு தெரியாது. ஓர் இழையை வாயில் போட்டுப் பாருங்கள். நடுவில் விறைப்பு இருந்தால் கால் கப் சூடான சாற்றைச் சுற்றிலும் தெளித்துத் தொடருங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். வெந்துவிட்டது, ஆனால் அடியில் இன்னும் ஈரம் நிற்கிறது என்றால் தீயைக் கூட்டி அரை நிமிடம் தூக்கிப் புரட்டினால் வற்றிவிடும்.

கொஞ்சம் ஈரப்பதம் மிச்சமிருக்கும்போதே இறக்கிவிடுவது நல்லது. அடுப்பை அணைத்த பிறகும் சேவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சட்டியில் சரியாக உலர்ந்து தெரிகிற பன்சித் பத்து நிமிடம் கழித்து மேசைக்கு வரும்போது வறண்டுவிடும். பிய்த்த கோழி, இறால், காய்கறி மூன்றில் பாதியைச் சேவையோடு கலந்து, மீதியை மேலே பரப்புங்கள். வறுத்த பூண்டு, நறுக்கிய வெங்காயத்தாள், கோழித்தோல் மொறுமொறுப்பு, விரும்பினால் அவித்த முட்டைத் துண்டுகள்.

அடுத்தது கலமன்சி. பச்சைத் தோலும் ஆரஞ்சு நிறச் சதையும் கொண்ட சிறு எலுமிச்சை, மலேசியாவில் லிமாவ் கஸ்தூரி என்பார்கள். இதைச் சட்டியில் பிழியக் கூடாது. சூட்டில் மணம் போய் கசப்பு மட்டும் நிற்கும். நறுக்கி ஓரத்தில் வையுங்கள், சாப்பிடுபவர் தன் தட்டில் பிழிந்துகொள்ளட்டும். பிழியாமல் ஒரு வாய், பிழிந்து ஒரு வாய் என்று சாப்பிட்டுப் பாருங்கள், இந்த உணவு ஏன் உப்பைத் தூக்கலாகக் கேட்கிறது என்பது அப்போது புரியும். கலமன்சி கிடைக்கவில்லை என்றால் எலுமிச்சைச் சாறு இரண்டு பங்கு, கமலா ஆரஞ்சுச் சாறு ஒரு பங்கு கலந்து வைக்கலாம். வெறும் எலுமிச்சை சற்றுக் கூர்மையாக இருக்கும், குற்றமில்லை. வினிகர் இந்த வகைக்கு எனக்கு ஒப்பாது. காரப்பிரியர்கள் சிறு மிளகாயைச் சோயா சாஸிலும் கலமன்சியிலும் நசுக்கித் தொட்டுக்கொள்ளலாம்.

அங்கே இதை ரொட்டியோடு, அதுவும் 'பான் தே சால்' என்ற சிறு ரொட்டிக்குள் வைத்துச் சாயங்காலச் சிற்றுண்டியாகச் சாப்பிடுவார்கள். சோற்றோடு தொடுகறியாகச் சாப்பிடும் வீடுகளும் ஏராளம். உங்கள் நண்பர்கள் அப்படிச் சாப்பிடுவதைப் பார்த்து வியந்ததாக எழுதியிருந்தீர்கள். உப்பும் சாறும் ஏறிய பன்சித் வெறுஞ்சோற்றுக்கு நன்றாகவே சேரும், ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள்.

'பன்சித் எல்லாம் ஒன்றுதானா?' என்ற உங்கள் துணைக்கேள்விக்கு: இல்லவே இல்லை. கோதுமை முட்டைச் சேவையில் செய்வது பன்சித் கான்டன், பாசிப்பயறு மாவின் கண்ணாடிச் சேவை சோதாங்ஹோன். செபு பக்கம் கான்டனோடு சோதாங்ஹோன் அல்லது பிஹோன் கலந்து 'பாம்-இ' செய்கிறார்கள். பன்சித் பலபோக் முற்றிலும் வேறு முறை: வெந்த சேவையின் மேல் இறால் சாற்றில் கரைத்த கெட்டியான ஆரஞ்சு நிறக் குழம்பை ஊற்றி, புகையூட்டிய மீன் துகளும் முட்டையும் தூவுவார்கள். அந்த நிறம் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து ஸ்பானியர் காலத்துக் கப்பல்கள் வழியாக வந்த அன்னாட்டோ விதையினுடையது. மணிலாவுக்கு வடக்கே கடலோர ஊரான மலபோனில் தடித்த அரிசிச் சேவையோடு சிப்பியும் கணவாயும். கேசோன் மாகாணத்து லுக்பானில் ஹப்ஹப் என்ற பன்சித்தை வாழையிலைத் துண்டில் வைத்து வினிகர் தெளித்து, கரண்டி கையெதுவும் இல்லாமல் இலையை வாயருகே கொண்டுபோய்ச் சாப்பிடுவார்கள். வடக்கே துகெகராவில் எருமை இறைச்சியும் முட்டையும் சேரும் பாத்தில் பாத்துங். எங்கள் வீட்டுப் பக்கமான பத்தாங்காஸில் மழைநாளென்றால் லோமி, தடித்த சேவையும் கெட்டிச் சாறும். இலோய்லோவின் பன்சித் மோலோவில் சேவையே இருக்காது, இறைச்சி வைத்த மாவுப் பொதிகள் மிதக்கும் சூப் அது. பிஹோன் கைவந்த பிறகு பலபோக் பக்கம் போங்கள், மற்றவற்றுக்கு அவசரமில்லை.

அம்மாவுக்கான சைவப் பன்சித்துக்கும் விதி அதேதான்: சாறு நன்றாக இருக்க வேண்டும். காய்ந்த ஷிடாகே காளான் ஆறேழு எடுத்து ஒரு லிட்டர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். அந்த நீரோடு முட்டைக்கோஸின் நடுத்தண்டு, கேரட் நுனிகள், செலரிக் காம்பு, பாதி வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை சேர்த்து 25 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் நிறமும் கனமும் உள்ள சாறு வரும். ஊறிய காளானை நறுக்கிச் சேவையில் சேருங்கள். டோஃபுவைத் தண்ணீர் போகப் பிழிந்து, துண்டுகளாக்கிப் பொன்னிறமாகப் பொரித்துக்கொள்ளுங்கள், அங்கே 'டோக்வா' என்று பன்சித்தில் சாதாரணமாகவே சேர்ப்பதுதான் அது. மீன் சாஸுக்குப் பதில் இன்னொரு மேசைக்கரண்டி சோயா சாஸும் ஒரு சிட்டிகை சர்க்கரையும். பூண்டும் கொஞ்சம் தாராளமாக. காய்கறிகளைத் தண்ணீரில் மட்டும் செய்யும் சைவப் பன்சித்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காளான் சாறு கிடைத்துவிட்டால் விருந்தில் இந்தச் சட்டிதான் முதலில் காலியாகும்.

விருந்துக்குச் செய்வதானால் பதினைந்து பேருக்கு ஒரு கிலோ சேவை. வீட்டு அடுப்பில் அதை ஒரே தடவையாகச் செய்ய முயலாதீர்கள். சாறு மொத்தமாக எடுத்துக்கொண்டு, அரைக் கிலோவாக இரண்டு முறை சமையுங்கள். அளவு கூடும்போது சாற்றை அதே விகிதத்தில் கூட்டாமல் சற்றுக் குறைத்தே தொடங்குங்கள், அரைக் கிலோவுக்கு மூன்றரை கப் போதும், தேவையானால் தெளித்துக்கொள்ளலாம். பரிமாற அங்கே 'பிலாவோ' என்ற மூங்கில் தட்டு, நம் சுளகு போன்றதுதான், வட்டமாக இருக்கும். அதன்மேல் வாழையிலை விரித்துச் சேவையைப் பரப்புவார்கள். இலையை நெருப்பில் லேசாக வாட்டிவிட்டால் கிழியாது.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெந்த மாவுச்சத்து வெளியே கிடந்தால் வேகமாகக் கெடும், முட்டைக்கோஸ் சேர்ந்தது அதனினும் சீக்கிரம் புளிக்கும், வளைகுடா வெயிலில் சொல்லவே வேண்டாம். மறுநாள் எடுக்கும்போது சேவை விறைத்து ஒரே கட்டியாக நிற்கும், பயப்படாதீர்கள், கெட்டுப்போகவில்லை. கையால் உடைத்துப் பிரிக்காமல், சட்டியில் கால் கப் சாறோ தண்ணீரோ கொதிக்கவிட்டு அதன்மேல் கட்டியை அப்படியே வைத்து மூடுங்கள். இரண்டு நிமிட ஆவியில் தானே இளகும், பிறகு முள்கரண்டியால் தூக்கிப் பிரியுங்கள். கலமன்சியைப் புதிதாக நறுக்கிக்கொள்ளுங்கள்.